வங்கச் சிறுவர் நாவல் வளர்ந்த கதையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

தென் கல்கத்தாவில் ரஜனி சென் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் வாங்கப் போகிற நம்மவர்கள் பலர் அந்தப் பக்கமாக எத்தனையோ முறை நடந்திருப்போம். அது வங்காளிப் பிள்ளைகளுக்கு ஒரு புண்ணிய க்ஷேத்திரம் மாதிரி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சத்யஜித் ராய் படைத்த துப்பறிவாளர் ஃபெலுதாவின் முகவரி அந்தத் தெருவில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது தெரியும். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு வங்காளிப் பையன் சொல்லித் தெரிந்துகொண்டிருப்பார்கள். அப்பா அம்மாவுக்குத்தான் தெரியாது.

இந்த இடைவெளியை வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதத் துணிகிறேன். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுப்பது என்பது வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இன்று ஒரு நிஜமான சங்கடம். படக்கதையும் நீதிக்கதையும் அந்த வயதில் சலித்துவிடும். பெரியவர்கள் நாவல் புரியாது, அல்லது புரியக்கூடாதது புரிந்துவிடும். நடுவில் ஒரு படி வேண்டும். அத்தியாயம் அத்தியாயமாக ஓடுகிற, நூறு நூற்றைம்பது பக்கமுள்ள, பிள்ளையே கதாநாயகனாகவோ கதாநாயகன் கூடவே போகிறவனாகவோ இருக்கிற முழு நாவல். இந்தப் படியை வங்காளம் எப்படிக் கட்டியது, தமிழில் அது எப்படி இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பதை வரலாற்று வரிசையில் பார்க்கலாம்.

தொடக்க காலம்

வங்காளத்தில் பிள்ளைகளுக்கென்று பத்திரிகை நடத்தும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1883இல் ‘சகா’, 1885இல் தாகூர் குடும்பத்திலிருந்து ‘பாலக்’, 1895இல் ‘முகுல்’. இவற்றில் ‘பாலக்’ நமக்கு முக்கியம். ரவீந்திரநாத் தாகூரின் ‘ராஜரிஷி’ நாவல் அந்தச் சிறுவர் மாத இதழில்தான் தொடராக வெளிவரத் தொடங்கியது. திரிபுரா அரசன் கோவில் பலியை நிறுத்துகிற கதை அது. கோவில் படியில் இரத்தம் வழிவதைப் பார்த்து ஒரு சின்னப் பெண் கேட்கிற கேள்வியிலிருந்து கதை பிறக்கிறது. பிள்ளைகளுக்குக் கனமான விஷயம் வேண்டாம், சக்கரைப் பாகு போதும் என்று அன்றைக்கே அவர்கள் நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1896இல் அவனீந்திரநாத் தாகூர் ‘க்ஷீரேர் புதுல்’ எழுதினார். பால்கோவாவில் செய்த பொம்மை என்று சொல்லலாம். ராஜா ஒதுக்கி வைத்த ராணிக்கு ஒரு குரங்கு துணை நிற்கிற கதை. 1907இல் தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் கிராமத்துப் பாட்டிமார் சொன்ன கதைகளைத் திரட்டி ‘டாகுர்மார் ஜூலி’ என்று வெளியிட்டார். பாட்டியின் பை என்று பொருள். தாகூரே முன்னுரை எழுதினார். அது சுதேசி இயக்கத்தின் காலம். துணி மட்டும் சுதேசியாக இருந்தால் போதாது, குழந்தை தூங்கும்போது கேட்கிற கதையும் சுதேசியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்து வங்காளத்தில் பரவியிருந்தது.

இவை எல்லாம் கதைகள். நாவல் என்கிற நீண்ட வடிவம் பிள்ளைகளுக்குப் பழக்கமானது அடுத்த தலைமுறையில்தான்.

சந்தேஷ்: இனிப்பும் செய்தியும்

1913இல் உபேந்திரகிஷோர் ராய் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்காள மொழியில் அந்தச் சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், நாம் கடையில் வாங்குகிற இனிப்பு என்றும் பொருள். பேர் வைத்ததிலேயே ஒரு குறும்பு. உபேந்திரகிஷோர் வெறும் எழுத்தாளர் இல்லை. படங்களைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சடிக்கும் ஹாஃப்டோன் முறையில் தாமே ஆராய்ச்சி செய்து, இங்கிலாந்தின் அச்சுத்தொழில் ஆண்டிதழில் கட்டுரைகள் எழுதியவர். தம்முடைய சிறுவர் புத்தகத்துக்கு வரைந்த படங்கள் அச்சில் பாழாய்ப் போனதைப் பார்த்து மனம் வெதும்பி இந்தத் தொழிலுக்குள் இறங்கினார் என்பார்கள். பிள்ளைகள் புத்தகம்தானே, எப்படி இருந்தால் என்ன என்று அவர் விடவில்லை. இன்றைக்கு நம் ஊர்ச் சிறுவர் புத்தகங்கள் சிலவற்றின் அச்சையும் படத்தையும் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

1915 டிசம்பரில் அவர் மறைந்தார். மகன் சுகுமார் ராய் இதழை ஏற்றார். லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை படித்துவிட்டு வந்தவர். வங்காளிகளின் வாயில் இன்றும் புரள்கிற வேடிக்கைப் பாட்டுகளும், ‘ஹஜபரல’ என்ற விசித்திரக் கதையும் அவர் கொடை. 1923இல் காலா அசார் காய்ச்சலில் முப்பத்தாறாவது வயதிலேயே போய்விட்டார். இரண்டு வயதுப் பையனை விட்டுவிட்டுப் போனார். அந்தப் பையன் சத்யஜித். இதழும் தட்டுத் தடுமாறி, நின்று, மறுபடி கொஞ்ச நாள் வந்து, நின்றே போயிற்று. அதற்குள் வேறு இதழ்கள் வந்துவிட்டன.

தேன்கூட்டிலிருந்து நிலா மலைக்கு

1920இல் தொடங்கிய ‘மௌசாக்’ (தேன்கூடு) இதழைத்தான் வங்கச் சிறுவர் நாவலின் தொட்டில் என்று நான் சொல்வேன். அவனீந்திரநாத்தின் ‘புடோ ஆங்லா’ இதில் வந்தது. ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் செல்மா லாகர்லாஃப் எழுதிய, வாத்தின் முதுகில் ஏறி ஊர் சுற்றும் பையனின் கதையைத் தழுவி, வங்காளத்து நதிகளின் மேலும் வயல்களின் மேலும் பறக்கவிட்டார். 1920களில் ஹேமேந்திரகுமார் ராயின் ‘ஜகேர் தன்’ இதில் தொடராக வந்தது. பூதம் காக்கும் புதையலைத் தேடி விமல், குமார் என்ற இரண்டு இளைஞர்கள் காசி மலைப் பக்கம் போகிற கதை. வங்காளத்தில் சாகச நாவல் என்ற வகையே இதிலிருந்து கிளைத்தது.

பிறகு 1935இலிருந்து விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘சாந்தேர் பாஹாட்’ (நிலா மலை) அதே இதழில் வந்தது. 1937இல் புத்தகமாயிற்று. ‘பதேர் பாஞ்சாலி’ எழுதிய அதே விபூதிபூஷண்தான். வங்காளக் கிராமத்துப் பையன் சங்கர், படிப்பை முடித்துவிட்டுச் சணல் ஆலை குமாஸ்தா வேலைக்குப் போக மனமில்லாமல், 1909இல் ஆப்பிரிக்காவில் உகாண்டா ரயில்பாதை போடும் இடத்துக்கு வேலைக்குப் போகிறான். சிங்கம், பாம்பு, வைரச் சுரங்கம், எரிமலை, பாலைவனம் எல்லாம் வருகின்றன. ஆசிரியர் ஆப்பிரிக்காவை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. பயண நூல்களையும் நில வரைபடங்களையும் வைத்துக்கொண்டே எழுதினார். முன்னுரையில் அதைச் சொல்லியும் இருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர், கடல் கடந்து வேலைக்குப் போன பையனின் தனிமையை எப்படி இவ்வளவு சரியாக எழுதினார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த நாவல் கொஞ்சம் கூடுதலாகவே பேசும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க மக்களைப் பற்றி அந்தக் காலத்துப் பயண நூல்களில் இருந்த பார்வை இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை படித்து முடித்ததும் பெரியவர்கள் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட வேண்டும்.

விபூதிபூஷண் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்று. ‘பதேர் பாஞ்சாலி’யைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி ‘ஆம் ஆண்டிர் பேம்பு’ என்ற பேரில் சிக்னெட் பிரஸ் வெளியிட்டது. மாங்கொட்டைப் பீப்பீ என்று தமிழில் சொல்லலாம். அதற்குப் படம் வரைய அமர்த்தப்பட்ட இளம் ஓவியர் சத்யஜித் ராய். அந்தப் படங்களை வரையும்போதுதான் இதைச் சினிமாவாக எடுக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1955இல் வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த படத்துக்கு மூல வித்து ஒரு சிறுவர் பதிப்பு.

பூஜை மலர் செய்த உபகாரம்

வங்கச் சிறுவர் நாவல் தழைத்ததற்கு எழுத்தாளர்களின் திறமை மட்டும் காரணம் இல்லை. துர்கா பூஜைக்கும் பங்கு உண்டு. பூஜைக்குப் புதுத்துணி எடுப்பது போல் பூஜை மலர் வாங்குவதும் வங்காளிக் குடும்பத்தில் ஒரு சடங்கு. பிள்ளைகளுக்கென்று தனி மலர். தேவ் சாகித்ய குடீர் என்ற பதிப்பகம் 1930களிலிருந்தே கெட்டி அட்டை போட்ட சிறுவர் மலர்களை வெளியிட்டது. 1948இல் வந்த ‘சுக்தாரா’, 1975இல் வந்த ‘ஆனந்தமேளா’ ஆகிய இதழ்களின் பூஜை மலர்களும் சேர்ந்துகொண்டன.

இந்த மலர்களில் முழு நாவல்கள் வரும். தொடர் இல்லை, முழுசாக. ஒரே மலரில் நாலைந்து நாவல்கூட இருக்கும். எழுத்தாளருக்கு இத்தனை பக்கம், இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கட்டளை. அதனால் நீளம் தானாகவே பிள்ளைக்குத் தோதாக அமைந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் நாலு நாளில் படித்து முடிக்கலாம். நமக்கும் தீபாவளி மலர் உண்டு. அது பெரியவர்களுக்கானது, சிறுகதையும் கட்டுரையும் கவிதையும் வண்ணப் படங்களும் நிறைந்தது. நம் நாவல்கள் வாரத் தொடராகவே வளர்ந்தன. தொடர்கதை நீண்டுகொண்டே போகும், நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் பிள்ளைக்கு நூல் அறுந்துவிடும். இந்த ஒரு வேறுபாடு பெரிய வேறுபாடு என்பது என் கருத்து.

இன்னொரு விஷயமும் உண்டு. வங்காளத்தில் பெரிய எழுத்தாளர் என்றால் பிள்ளைகளுக்கும் எழுதியே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். பிரேமேந்திர மித்ர, நாராயண் கங்கோபாத்யாய, சுநீல் கங்கோபாத்யாய, சீர்ஷேந்து முகோபாத்யாய எல்லாரும் ஒரு கையால் பெரியவர்களுக்கும் மறு கையால் பிள்ளைகளுக்கும் எழுதினார்கள். சீர்ஷேந்துவின் ‘மனோஜ்தேர் அத்புத் பாடி’ (மனோஜ் வீட்டார் வசிக்கும் அதிசய வீடு) 1978இல் ஆனந்தமேளாவில் வந்தது. ஒரு பெரிய கூட்டுக் குடும்பம், ஆளுக்கொரு கிறுக்கு, நடுவில் ஒரு மர்மம். சிரித்து மாளாது.

அண்ணா, சித்தப்பா, அத்தை

1961 மே மாதம், தாத்தாவும் அப்பாவும் நடத்திய ‘சந்தேஷ்’ இதழைக் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயவுடன் சேர்ந்து சத்யஜித் ராய் மறுபடி தொடங்கினார். அதுவரை சினிமாக்காரராக இருந்தவர், இதழின் பக்கங்களை நிரப்ப வேண்டியிருந்ததால்தான் எழுத்தாளரானார். அதே ஆண்டு விஞ்ஞானி பேராசிரியர் ஷோங்கு பிறந்தார். 1965இல் ஃபெலுதா. முதல் நாவல் ‘பாத்ஷாஹி ஆங்டி’ (பாதுஷாவின் மோதிரம்) லக்னோவில் நடக்கிறது. 1971இல் ‘சோனார் கேல்லா’ (தங்கக் கோட்டை). பூர்வஜென்ம ஞாபகம் உள்ளதாகச் சொல்லும் முகுல் என்ற சின்னப் பையனைத் தொடர்ந்து ராஜஸ்தானத்துக்குப் போகிற கதை. 1974இல் ராயே அதைப் படமாக எடுத்தார். ஜெய்சல்மேர் கோட்டைக்குப் போகிற வங்காளிகள் இன்றும் அதை சோனார் கேல்லா என்றுதான் சொல்கிறார்கள். ஒரு சிறுவர் நாவல் ஒரு கோட்டைக்குப் பேர் வைத்த விந்தை இது.

ஃபெலு என்பது பேர், ‘தா’ என்பது அண்ணா. கதை சொல்வது பதினாலு வயசுத் தம்பி தோப்ஷே. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரேமேந்திர மித்ரவின் கனாதா, நாராயண் கங்கோபாத்யாயவின் டேனிதா, ராயின் ஃபெலுதா மூவருமே அண்ணாக்கள். சுநீல் கங்கோபாத்யாயவின் காக்காபாபு சித்தப்பா. தொல்லியல் துறையில் பெரிய பதவியில் இருந்தவர், கால் ஊனமாகி ஊன்றுகோலோடு நடப்பவர், அண்ணன் மகன் சந்துவைக் கூட்டிக்கொண்டு அந்தமான் வரை போகிறார். லீலா மஜும்தாரின் பதி பிஷி அத்தை. சுசித்ரா பட்டாச்சார்யா 2000களில் எழுதிய மிதின் மாசி, அம்மாவின் தங்கை. அப்பா அம்மா இந்தக் கதைகளில் பின்னால்தான் இருப்பார்கள். அப்பா கூட வந்தால் சாகசம் ஏது? ‘ஜாக்கிரதை, ஸ்வெட்டர் போட்டுக்கோ’ என்று சொல்லியே கதையை முடித்துவிடுவார். பெற்றோர் நம்பி அனுப்பக்கூடிய, ஆனால் பெற்றோரைப் போலக் கட்டுப்படுத்தாத ஒரு உறவு வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அது தயாராகவே இருந்தது.

தமிழில் இது தலைகீழ். நமக்கும் மாமாவும் அண்ணாவும் உண்டு. அம்புலிமாமா, வாண்டுமாமா, வானொலி அண்ணா. இவர்கள் எல்லாம் கதை சொல்கிறவர்கள். கதைக்குள்ளே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இல்லை. நமக்குச் சிறுவர் இலக்கியம் என்றால் பெரியவர் சொல்ல, பிள்ளை கேட்கும் பாவனை. அங்கே இருவரும் சேர்ந்து ரயிலேறும் பாவனை.

லீலா மஜும்தாரைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் போனால் குற்றம். உபேந்திரகிஷோரின் தம்பி மகள். 1908இல் பிறந்து 2007 வரை வாழ்ந்தவர். சிறு வயது ஷில்லாங்கில். ‘பதி பிஷிர் பர்மி பாக்ஷோ’ (பதி அத்தையின் பர்மாப் பெட்டி) 1953இல் புத்தகமாக வந்தது. கொள்ளைக்காரச் சித்தப்பாவிடமிருந்து நகைப் பெட்டியைப் பறித்துக்கொண்டு வந்த துணிச்சலான அத்தை, வீடு வந்து சேர்ந்ததும் பெட்டியை எங்கோ தொலைத்துவிடுகிறாள். நூறு வருஷம் கழித்து ஒரு பையன் அதைத் தேடுகிறான். என்னைக் கேட்டால் ஃபெலுதாவைவிட இதுவே நல்ல புத்தகம். ராயின் நாவல்களில் பெண்களைப் பார்ப்பதே அபூர்வம். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவளே இதைக் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவாள். அப்போது கையில் பதி அத்தை இருந்தால் நல்லது.

தமிழில் இருந்த படி

இதையெல்லாம் படித்துவிட்டு, தமிழில் ஒன்றுமே இல்லையா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். 1947இல் ‘அம்புலிமாமா’ வந்தது. 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார். இந்திய மொழிகளில் சிறுவர் எழுத்தாளர்களுக்கென்று அப்படி ஒரு சங்கம் அன்று அபூர்வம். அதே 1950இல் கலைமகள் காரியாலயத்திலிருந்து ‘கண்ணன்’ வந்தது. ஆசிரியர் ஆர்வி. 1972 வரை அது நடந்தது. அந்த ஆண்டுதான் கல்கி நிறுவனத்தின் ‘கோகுலம்’ பிறந்தது. கல்வி கோபாலகிருஷ்ணன் ‘பண்டை உலகில் பறக்கும் பாப்பா’வில் விஞ்ஞானத்தைக் கதையாக்கினார். வள்ளியப்பாவின் ‘நீலா மாலா’ தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. பூவண்ணன் நாவலும் எழுதினார், குழந்தை இலக்கியத்துக்கு வரலாறும் எழுதினார். வாண்டுமாமா எழுதாத வகை இல்லை.

ஆகவே படி இருந்தது. ஆனால் இதழோடு வந்து இதழோடு போயிற்று. தொடராக வந்தவற்றில் பல புத்தகமாகி மறுபதிப்பாகி அடுத்த தலைமுறைக்கு வந்து சேரவில்லை. சோனார் கேல்லாவை அப்பாவும் படித்தார், பிள்ளையும் படிக்கிறது. ‘கண்ணன்’ தொடரை அப்படி எத்தனை வீட்டில் காட்ட முடியும்? அதனால் என்ன நடந்தது என்றால், நம் தலைமுறையில் பலர் அம்புலிமாமாவிலிருந்து ஒரே தாவாகப் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் தாவினோம். பன்னிரண்டு வயதில் ஐந்து பாகத்தையும் விடிய விடியப் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் தமிழாகவே இருந்ததால் அந்தத் தாவு முடிந்தது. இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு அது முடியாது. தமிழ் பேசும், கேட்கும். எழுத்துக் கூட்டி அரைப் பக்கம் படிப்பதற்குள் மூச்சு வாங்கும். அந்தப் பிள்ளையிடம் வந்தியத்தேவனைக் கொடுத்துவிட்டு, ‘தமிழே படிக்க மாட்டேங்கறான்’ என்று குறைப்படுவது நியாயமில்லை.

‘கண்ணன்’ இதழைப் பற்றி இன்னொரு செய்தி, வெளிமாநிலத் தமிழர் அனைவரும் அறிய வேண்டியது. எழுத்தாளர் அம்பையின் முதல் நாவல் அந்த இதழ் நடத்திய போட்டியில் பரிசு பெற்ற ‘நந்திமலைச் சாரலிலே’. சிறுவர்க்கான துப்பறியும் நாவல். எழுதியபோது அவர் பதின்ம வயதுப் பெண். மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர். பிற்பாடு 2021ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி பரிசு பெற்ற அதே அம்பைதான். தமிழகத்துக்கு வெளியே வளர்ந்த ஒரு பெண், தான் வளர்ந்த ஊருக்குப் பக்கத்து மலையை வைத்துத் தமிழில் சிறுவர் நாவல் எழுதியிருக்கிறாள், அதற்குச் சென்னையில் ஒரு இதழ் பரிசு கொடுத்திருக்கிறது. அந்த வாசல் இன்று நம் பெண்களுக்கு எங்கே இருக்கிறது?

‘அம்புலிமாமா’ 2010களின் தொடக்கத்தில் நின்றது. ‘கோகுலம்’ 2020இல் அச்சிலிருந்து மறைந்தது. ஆனால் அதே காலத்தில் இன்னொரு பக்கம் புது விளைச்சலும் தெரிகிறது. சாகித்ய அகாதமி 2010இலிருந்து பால சாகித்ய புரஸ்கார் கொடுத்து வருகிறது. முதல் ஆண்டு தமிழுக்கான பரிசு மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்கு. 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. தொடக்கூடாத தொடுதலைப் பற்றி ஒரு பெண் குழந்தையிடம் மரப்பாச்சி பேசுகிற கதை. 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறது. 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. இவற்றுக்கு முன்னால் தினமணியின் சிறுவர்மணியில் ஜெயமோகன் எழுதிய ‘பனிமனிதன்’ வந்தது. இமயத்தில் பனிமனிதனைத் தேடிப் போகிற கதை. நிலா மலைக்குத் தமிழில் ஒரு தம்பி உண்டு என்றால் அது இதுதான்.

மொழிபெயர்ப்பில் ஒரு விடுபடல்

வங்காளத்திலிருந்து தமிழுக்கு வந்த நாவல்களுக்குக் கணக்கில்லை. த.நா. குமாரஸ்வாமி, த.நா. சேனாபதி, அ.கி. ஜயராமன் போன்றோர் பங்கிமும் சரத்தும் தாகூரும் தமிழ்நாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசும்படி செய்தார்கள். ‘நாகம்மாள்’ எழுதிய ஆர். ஷண்முகசுந்தரம் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தந்தார். நம் கல்கத்தாவிலேயே வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ உட்படப் பலவற்றைக் கொடுத்தார். ஆனால் அந்த வேகத்தில் சிறுவர் நாவல்கள் வரவில்லை. தேவதாஸைத் தமிழன் அறிந்து பல காலம் கழித்துத்தான் ஃபெலுதா தமிழ் பேசினார். 2010களில் வீ.பா. கணேசன் மொழிபெயர்ப்பில் பாரதி புத்தகாலயம் அந்த வரிசையைக் கொண்டுவந்தது. பெரியவர்கள் தாங்கள் படித்து அழுததை மொழிபெயர்த்தார்களே ஒழிய, பிள்ளைகள் படித்துச் சிரித்ததைக் கவனிக்கவில்லை.

ஃபெலுதாவும் நம் பக்கம் வராமல் இல்லை. 1990இல் எழுதிய ‘நயன் ரஹஸ்ய’வில் அவர் மதராஸுக்கு வருகிறார். எண்களைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லிவிடும் அதிசயப் பையனை ஒரு வித்தைக்காரர் மேடையேற்ற, அவனைக் கவர்ந்துபோக ஆட்கள் சுற்றுகிறார்கள். மகாபலிபுரமும் வருகிறது. ராயின் சிறந்த நாவல்களில் இதை நான் சேர்க்க மாட்டேன். ஆனாலும் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. தாத்தா பாட்டி ஊருக்கு ஃபெலுதா போனார் என்றால் சும்மாவா!

யாருக்கு எதை

வெளியூர் அன்பர்களுக்கும் பயன்படும்படி சில வார்த்தைகள். எட்டு ஒன்பது வயதில் ‘க்ஷீரேர் புதுல்’ போன்ற குறுங்கதையைப் பெரியவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பத்து வயதில் பதி அத்தை. இதை சுபத்ரா சென் குப்தா ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். ஃபெலுதாவை முதல் நாவலிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம், ‘தங்கக் கோட்டை’யில் தொடங்குங்கள். அதில்தான் ஜடாயு என்ற லால்மோகன் பாபு முதன்முதலாக ரயிலில் வந்து ஏறுகிறார். அவர் ஏறியதும் கதைக்கே ஒரு களை வந்துவிடும். கோபா மஜும்தாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கும் கிடைக்கிறது. பன்னிரண்டு வயதில் நிலா மலை, கூடவே பனிமனிதன். மரப்பாச்சியை மட்டும் அம்மாவோ அப்பாவோ முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. பிள்ளை கேள்வி கேட்கும்போது திணறக் கூடாது.

தமிழ் எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு ஒரு வழி, எங்கள் குடியிருப்பில் இரண்டு மூன்று வீடுகளில் செய்து பார்த்தது. ஃபெலுதாவை ஏற்கெனவே வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ படித்த பிள்ளையிடம் அதே நாவலின் தமிழ்ப் பதிப்பைக் கொடுப்பது. கதை தெரியும் என்பதால் எழுத்துத் தடுமாற்றம் பயமுறுத்தாது. முதல் இரண்டு அத்தியாயத்தைத் தாத்தா படித்துக் காட்ட வேண்டும், மூன்றாவதில் பாதியில் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட வேண்டும். ‘தாத்தா, வாங்கோ, மீதியைப் படிங்கோ’ என்று இரண்டு தரம் கூப்பிடும். மூன்றாம் தரம் கூப்பிடாது. ஒரு வீட்டில் ஒரு பெண் குழந்தை, ‘தமிழ்ல ஜடாயு இன்னும் ஜாஸ்தி உளர்றார்’ என்று தீர்ப்பே சொல்லிவிட்டது.

சங்க நூலகங்களில் சிறுவர் அலமாரி என்று ஒன்று இருக்கிறதென்றால், அதில் பெரும்பாலும் திருக்குறள் கதைகளும் தலைவர்கள் வரலாறும்தான். அவை இருக்கட்டும். இந்தப் பூஜைக்கு முன்னால் கீழ்த்தட்டு ஒன்றைக் காலி செய்து, மேலே சொன்ன தமிழ்ப் புத்தகங்களையும் வங்க நாவல்களின் தமிழ்ப் பதிப்புகளையும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கலாம். மொத்தமாகப் பார்த்தாலும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். ‘நந்திமலைச் சாரலிலே’யின் பிரதி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் அதையும் இரவல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.